இடது கைப் பிரேக்

"பெரிய டயர் சைக்கிள நீ எடு நிஹ்லா. சொல்றதக் கேளு, அந்த ரோட்டுல..."

"நீங்க எடுங்க. ஒங்களுக்குன்னுதானே உம்மா கோத்தாங்க, எனக்குத்தான் என்னோடது..."

"ஒன்னோடது இருபத்தெட்டு டயர். ரிவர்ஸ்டன் தாண்டினா ரோட்டு எங்க இருக்கு, கல்லுதான்..."

"அந்த இருபத்தெட்டுல நான் மூணு தரம் போய் வந்திருக்கேன். நீங்க ஒரு தரம் கூடப் போகல்ல. விழுறதுன்னா நீங்கதான் விழுவீங்க."

"நான் விழுந்தா பரவால்ல..."

"வாயக் கழுவுங்க."

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கு ஒன்றுமே காதில் ஏறாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு, இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடை முற்றத்தில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். நல்லதைத் தனக்கு எடுத்துக்கொள்ளச் சண்டை பிடிக்கிற புருஷன் பெண்சாதியைப் பார்த்திருக்கிறேன். நல்லதை மற்றவர் கையில் திணிக்கச் சண்டை பிடித்தவர்கள் என் மகளும் அவள் மாப்பிள்ளை பவாஸும்தான். தெருவில் சசிக்குமார் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைப் படியில் ஊன்றியபடி சிரித்துக்கொண்டிருந்தார். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், எங்கள் பழைய வாடிக்கைக்காரர்.

"ராத்தா, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. வெயில் ஏறிட்டா நான் வீட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

நிஹ்லாவும் என்னைப் பார்த்தாள். "ஓ உம்மா, நீங்க சொல்லுங்க. யாரு எத எடுக்கிற?"

நான் பம்பைக் கீழே வைத்தேன்.

"நிஹ்லா பெரிய டயர எடுக்கட்டும். மகன், நீங்க அவட மெல்லிசுல போங்க."

பவாஸ் கைதட்டினார். நான் சாவியை எடுத்து, பெரிய டயர் சைக்கிளின் சீட்டை மகளுடைய காலுக்கு ஏற்ற மாதிரி இரண்டு விரல் இறக்கிக் கொடுத்தேன். மற்றதை இரண்டு விரல் ஏற்றினேன். நிஹ்லா ஹெல்மெட் வாரை மாட்டும்போது, எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"மணல் கண்டா எந்தக் கை?"

"எடது கை மட்டும் உம்மா. முன்னுக்குத் தொடக் கூடாது. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி."

மூன்று பேரும் மாத்தளைப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் முனவ்வரா. வயது ஐம்பத்தெட்டு. பலாபத்வலையில், யாழ்ப்பாண ரோட்டு ஓரத்தில் இருக்கும் சைக்கிள் கடை என்னுடையது. முன்பு என் வீட்டுக்காரர் பதுர்தீனுடையது. அவர் மவ்த்தானபோது, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்க முடியாது. ஆனால் கடைக்குள் வேலைக்கு வாங்கிப் போட்ட சைக்கிள்கள் நின்றன. நிஹ்லாவுக்கு அப்போது பதினெட்டு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து குசினிக்குப் பின்னால் விடுவாள். வாப்பா சொன்னது அவளுக்குப் பாதி நினைவிருந்தது, எனக்கு மீதி. இரண்டையும் சேர்த்து வேலை பழகினோம். இத்தா முடிந்து நான் கடைக்கு வந்தபோது, சக்கரத்தின் கோணல் எடுக்கவும் கியர் கட்டவும் எனக்கு வந்துவிட்டது. மனிதர்கள் முதலில் சிரித்தார்கள். பெற்றோல் கிடைக்காமல் வரிசை வந்த வருடம் அதே மனிதர்கள் என் படியில் வரிசையில் நின்றார்கள்.

சைக்கிள் தெரிந்தெடுத்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. கண்டியிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் வருவார்கள். வந்தவுடன் நிறம் கேட்பார்கள். "தம்பி, ரோட்டுக்கு நெறம் தெரியாது. நீங்க எந்த ரோட்டுல ஓடுவீங்க, அதச் சொல்லுங்க" என்பேன். தார் ரோட்டு மட்டும் என்றால் மெல்லிய டயர், இலேசான சட்டம். யட்டவத்தைப் பக்கம், வஹகோட்டைப் பக்கம் உள்ளே உள்ளே போகிறவர் என்றால் கிரவல் சைக்கிள். டயர் நாற்பது, பின்னால் பெரிய பல், ஹேண்டில் கீழ்ப்பக்கம் விரிந்தது. பிறகு குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி சீட்டு உயரம் பார்ப்பேன். சைக்கிள் ஆளுக்கு அளவாக இருக்க வேண்டும். அளவு பிழைத்தால் அது மெது மெதுவாக ஆளைக் கெடுக்கும்.

பவாஸ் உக்குவளைப் பிள்ளை. நிக்காஹ்வுக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார். நல்லவர். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. சமைத்ததைக் குறை சொல்ல மாட்டார், நிஹ்லா சைக்கிள் ஓடுவதைப் பற்றி ஊர் பேசியபோது, தானும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளோடு ஓடி ஊர் வாயை மூடினார். போன வருடம் அவருக்குக் கத்தாரில் வேலை சரி வந்தது. பெரிய கட்டட வேலைகளுக்கு மேற்பார்வை. மெடிகல் முடிந்தால் பெண்சாதிக்கும் சேர்த்து விஸா.

"அங்க சைக்கிளுக்குன்னே தனி ரோட்டு போட்டிருக்காங்களாம் உம்மா. ஒரு குழி இல்லையாம்" என்றாள் நிஹ்லா.

"ஏன், இங்க ரோட்டு இல்லையா?"

"ரோட்டு இருக்கு. சம்பளந்தான் இல்ல."

"ரெண்டு வருஷம்தான் மாமி" என்றார் பவாஸ்.

"என்ட தங்கச்சி மகன் இன்ஷாபும் ரெண்டு வருஷம்னுதான் போனான், மகன். இப்ப பதினொரு வருஷம்."

"இன்ஷாப் மச்சான் தனியாப் போனாரு. நாங்க சேர்ந்து போறோமே."

அதுதான் எனக்கு விளங்கிய விஷயம். சேர்ந்து போகிறவர்களுக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இல்லை. நான் அதற்குப் பிறகு பேசவில்லை. அழவும் இல்லை. அழுகிற உம்மாக்களைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, அடுத்த நாள் பெட்டியை நிறுத்துப் பார்ப்பார்கள். நான் அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். யட்டவத்தையில் மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் போய்க் கேட்டேன். "புருஷன் போற எடத்துக்கு பொஞ்சாதி போறதுதானே முறை, ராத்தா" என்றார். அவர் சொன்னது சரி. எல்லாரும் சரியாகத்தான் பேசினார்கள். எனக்காகப் பேச ஒருத்தரும் இருக்கவில்லை.

போவதற்கு முன் ரிவர்ஸ்டன் மலையை ஒரு தரம் சைக்கிளில் ஏறி இறங்க வேண்டும் என்று பவாஸ் ஆசைப்பட்டார். அவருடைய பழைய சைக்கிள் அதற்குத் தாங்காது. கொழும்பில் ஒருவர் ஜெர்மனியிலிருந்து கொள்கலனில் இறக்கிய கிரவல் சைக்கிள் ஒன்றை எடுத்து, நான் முழுதாகக் கழற்றிக் கோத்தேன். பெரிய டயர் போட்டேன், பின்பல்லைப் பெரிதாக்கினேன், ஹேண்டிலை ஒரு விரல் கிட்டக் கொண்டுவந்தேன். கையையும் மாற்றினேன்.

கை மாற்றுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுச் சைக்கிளில் வலது கை முன் சக்கரத்தைப் பிடிக்கும், இடது கை பின் சக்கரத்தைப் பிடிக்கும். ஸ்கூட்டரிலும் அப்படித்தான். ஜெர்மனியிலிருந்து வருவது மறுவளம். அங்கே இடது கை முன்னுக்கு. பழக்கமில்லாதவன் அதை அப்படியே ஓட்டினால், பின்னுக்குப் பிடிக்கிறேன் என்று நினைத்து முன்னுக்குப் பிடித்துவிடுவான். சமதரையில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில், மணலில், முன் சக்கரம் நின்றால் சைக்கிள் நிற்கும், ஆள் நிற்க மாட்டான். அதனால் என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு கட்டாயம். வெளிநாட்டுச் சைக்கிள் எதுவாக இருந்தாலும் ஹேண்டில் டேப்பை அவிழ்த்து, இரண்டு பிரேக் வயரையும் இடம் மாற்றிக் கட்டிய பிறகுதான் படி இறங்கும். மாத்தளை முழுக்க இது தெரியும். "பதுர்தீன் நானாட கடையா? அப்ப கை மாத்தித்தான் இருக்கும்" என்பார்கள்.

பவாஸ் அந்தச் சைக்கிளை இரண்டு கிழமை ஓட்டினார். கை சரியாக இருந்தது.

நிஹ்லாவும் பவாஸும் ரிவர்ஸ்டன் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, நான் டேப்பை அவிழ்த்து இரண்டு வயரையும் பழையபடி ஜெர்மன்காரன் வைத்த மாதிரியே கட்டினேன். அரை மணி நேர வேலை. டேப்பைத் திரும்பச் சுற்றி, நுனியில் புது நாடா ஒட்டினேன். வயர் உறையை முதலில் கட்டும்போதே, திரும்ப மாற்றிக் கட்டவும் எட்டுகிற மாதிரி, நாலு விரல் நீளம் கூட விட்டிருந்தேன். ஏன் அப்படி விட்டேன் என்று நானே என்னைக் கேட்டதில்லை.

நான் ஒரு வயரையும் அறுக்கவில்லை, ஒரு ஆணியையும் தளர்த்தவில்லை. பிரேக் இரண்டும் புதிது போலப் பிடித்தன. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் நினைத்தது காறை எலும்பு. முன்னுக்குத் தூக்கி எறியப்படுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கும் அந்த எலும்பு முறியும். என் வாடிக்கைக்காரர்களில் மூன்று பேருக்கு முறிந்து, ஆறு கிழமையில் திரும்பவும் ஓடினார்கள். பவாஸுக்கு மெடிகல் பத்து நாளில். கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவனைக் கட்டட வேலைக்கு எடுக்க மாட்டார்கள். வேலை அடுத்த ஆளுக்குப் போகும். ஆறு கிழமைக்கு நானே அவருக்குச் சோறு ஊட்டிவிட்டிருப்பேன். ஏற்றத்தில் எவரும் பிரேக் பிடிப்பதில்லை. ரத்தோட்டை வரை சமதரை, இரண்டு கையையும் சேர்த்து இலேசாகத் தொடுவதுதான். இறுக்கிப் பிடிக்க வேண்டிய முதல் இடம் ரிவர்ஸ்டன் தாண்டி, பிட்டவலைப் பக்கம் இறங்கும் வளைவு. அங்கே வேகம் எடுக்கும் முன்னரே வளைவு வந்துவிடும். ஆகவே பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது என் கணக்கு.

பிறகுதான் விடிந்ததும் அந்தச் சண்டை.

அவர்கள் என்னைக் கேட்டபோது நான் பதில் சொல்ல எடுத்த நேரம் பம்பைக் கீழே வைக்கிற நேரம்தான். அதற்குள் எவ்வளவு நினைக்க முடியும் என்று எனக்கே ஆச்சரியம். 'மகன், நீங்களே எடுங்க' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பவாஸுக்கு முறியும், ஆறும், அவர் படித்தவர், இன்னொரு வேலை வரும், அப்போதும் நிஹ்லா போவாள். 'ரெண்டும் சரியில்ல, இன்னொரு நாள் போங்க' என்று சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் இருபது நாளில் இரண்டு பேரும் விமானத்தில். நிஹ்லாவுக்கே ஒன்று என்றால் அவளை வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். புருஷன் போனாலும் அவள் இருப்பாள். தன் உம்மாவிடம் இருப்பாள்.

இப்படி நினைத்துத்தான் சொன்னேன் என்று சொல்ல வரவில்லை. சொன்ன பிறகு, இப்படித்தான் நினைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. சீட்டை அளவு பிழைக்காமல், சரியாக இரண்டு விரல் இறக்கினேன்.

பதினொரு மணிக்குச் சசிக்குமாரின் அழைப்பு.

"ராத்தா... ராத்தா, நீங்க ஒக்காருங்க மொதல்ல."

"சொல்லுங்க சேர்."

"வளைவுல மணல் கெடந்துச்சு. நிஹ்லா எனக்கு முன்னுக்குப் போனாங்க. பிரேக் புடிச்சாங்க ராத்தா, பின் சக்கரம் அப்படியே எழும்பிச்சு. ரோட்டோர மதகுக் கல்லுல முதுகு... பேசுறாங்க, ஆனா காலு தெரியலங்கிறாங்க."

பின்னால் பவாஸின் குரல் கேட்டது. அது பேச்சு இல்லை.

மதகை நான் நினைக்கவில்லை. அந்த வளைவை நான் பார்த்ததே வாகனத்திலிருந்துதான். மதகு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால்... அதை இப்போது பேசிப் பயனில்லை.

கண்டியில் பெரியாஸ்பத்திரியில் நாற்பத்தாறு நாள். உயிர் வந்தது. கழுத்து, கை, பேச்சு எல்லாம் வந்தது. இடுப்புக்குக் கீழே வரவில்லை, வராது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவில் இல்லை. சனிக்கிழமை இராச் சாப்பிட்டது வரை தெரியும். அதற்குப் பிறகு தெரிவது ஆஸ்பத்திரிக் கூரைதான்.

பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் கடைக்கு வந்தார். சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன என்று சிங்களத்தில் எழுதிக்கொண்டார். எந்தக் கை எந்தச் சக்கரம் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. "வெரி சொரி, அம்மா" என்றார். நான் அவருக்குக் குளிர்பானம் கொடுத்தேன்.

அவர் போன அன்றே நான் திரும்பவும் டேப்பை அவிழ்த்தேன். வயரை எங்கள் நாட்டு மாதிரிக்கு மாற்றிக் கட்டினேன். மூன்றாவது தரம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். முதல் இரண்டையும் பற்றி எனக்கு ஏதாவது சமாதானம் இருக்கிறது. இதற்கு இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு வீட்டில் ஒரு துக்கம் போதாதா?

அடுத்த கிழமை சசிக்குமார் வந்தார். மனது கேட்காமல் சைக்கிளைத் தூக்கி இடது கையைப் பிடித்துப் பார்த்தார். பின் சக்கரம் நின்றது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு ராத்தா. ஒங்க கடை வேலைல பிழை வருமா? பாவம், பதட்டத்துல கை மாறிப் புடிச்சிட்டாங்க. முன் பிரேக்க இறுக்கிட்டாங்க."

"அல்லாஹ்வுட நாட்டம்" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் அதுதான் கதை. நிஹ்லாவின் கை பிழைத்தது. ஊரில் சிலர், பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்றார்கள். பவாஸ் மெடிகலுக்குப் போகவில்லை, கத்தாருக்கும் போகவில்லை. தொழுதுவிட்டு அப்படியே இருந்துவிடுவார்.

"நான்தானே மாமி அவள அதுல ஏத்தினேன். அவ தன்னோடதுலயே போறேன்னுதானே சொன்னா."

"ஒங்கள்ல பிழை இல்ல மகன்."

அதையும் உண்மையாகத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் இப்போது கடையில் இருக்கிறார், சங்கிலிக்கு எண்ணெய் போடுகிறார், டியூப் ஒட்டுகிறார். சைக்கிளில் ஏறுவதில்லை.

நிஹ்லாவைக் கடைக்குப் பின் அறையில் வைத்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ரோட்டு தெரியும். நான் குளிப்பாட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறேன். புண் ஒன்றுகூட வரவில்லை, தாதிமாரே மெச்சினார்கள். நான் கண் மூடுகிற வரை அவளுக்கு ஒரு குறை வராது. ஓர் உம்மா வேறு என்ன கேட்பாள்? அவள் வீட்டில் இருக்கிறாள்.

கொஞ்ச நாள் அவள் படுத்த இடத்திலிருந்தே வேலையும் பார்த்தாள். வருகிறவர்களிடம் உயரம் கேட்பாள், ரோட்டு கேட்பாள், "ஒங்களுக்கு ஐம்பத்திரண்டு சட்டம் சரி, முப்பத்தெட்டு டயர் போடுங்க" என்பாள். என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்கு அது பெரிய ஆறுதல்.

நேற்று ளுஹர் தொழுகைக்குப் பிறகு உக்குவளையிலிருந்து ஓர் இளம் பிள்ளை வந்தாள். முதல் கிரவல் சைக்கிள். அவள் உள்ளே போய், "ராத்தா, எறக்கத்துல எந்தப் பிரேக் புடிக்கணும்?" என்று கேட்டாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்கிட்டக் கேக்காதீங்க தங்கச்சி" என்றாள் நிஹ்லா. "எனக்கு வலது எடது தெரியாது. சைக்கிள் விஷயம் இனி உம்மாட்டக் கேளுங்க."

அந்தப் பிள்ளை போன பிறகு நான் சோறு கொண்டு போனேன். நிஹ்லா இடது கையைப் போர்வைக்கு மேலே எடுத்துவைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்து நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"தின்னு மகள்."

"ஒரு விஷயம் கேக்கிறேன். பொய் சொல்லக் கூடாது."

"தின்னுட்டுக் கேளு."

"பத்து வயசுல இருந்து ஓடுறேன் உம்மா. ஒரு தரம் கூட கை மாறல்ல. வாப்பா பழக்கின கை. இப்ப கரண்டி எடுக்கவும் பயமா இருக்கு, இது என்ட கைதானான்னு. மத்தவங்க சொல்றது எனக்கு வாணாம். அந்தச் சைக்கிளக் கோத்தது நீங்க. நீங்க சொல்லுங்க உம்மா, நான் பிழையான கையையா புடிச்சேன்?"